ஃபுட்டை மாற்றியதும் தையல் கெட்டுப்போகிறதா? கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி

துணியின் ஓரத்தைச் சுருட்டித் தைப்பதற்காகத் தையல் மெஷினின் ஊசிக்கு அடியில் மாட்டும் ரோல்டு ஹெம் ஃபுட் ஒன்று என் ஊசிப்பெட்டியில் இரண்டு வருடம் சும்மா கிடந்தது. வாங்கிய அன்று மாட்டி ஒரு முழம் தைத்துப் பார்த்தேன். ஓரம் பாதி சுருண்டது, பாதி பிசிறாகத் தொங்கியது. மட்டமான சாமான் என்று முடிவுகட்டிக் கழற்றிப் போட்டுவிட்டேன். பிறகு ஒருநாள் வேறு எதையோ துழாவும்போது அது கையில் அகப்பட, மல்லாத்திப் பார்த்தேன். முன்னால் நத்தை ஓடு போல ஒரு சுருள். அடியில், சுருண்ட ஓரம் வெளியேறுவதற்கென்று ஒல்லியாக ஒரு வாய்க்கால். துணி எங்கே நுழைய வேண்டும், எவ்வளவு நுழைய வேண்டும் என்பதெல்லாம் அந்த இரும்பிலேயே எழுதியிருந்தது. நான்தான் மேலிருந்து மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எந்த ஃபுட் மக்கர் செய்தாலும் முதலில் அதைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அடி தட்டையாக இருந்தால் அது துணியை அழுத்திப் பிடிப்பதற்கு. பள்ளம் இருந்தால் அந்த வழியே ஏதோ ஒன்று போக வேண்டும்: தடித்த தையல், கயிறு, ஜிப்பின் பல், மடிந்த ஓரம். கீழே வருகிற கோளாறுகளில் பெரும்பாலானவை, போக வேண்டியது அந்தப் பள்ளத்துக்குள் போகாததால் வருபவைதான்.

தேட ஆரம்பிக்கும் முன் ஊசியை மாற்றிவிடுங்கள். மேல்நூலை உருவி, ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கோர்த்துவிடுங்கள். தைக்கப்போகிற அதே துணியில், அதே எண்ணிக்கை மடிப்பில் ஒரு துண்டை வைத்துச் சோதியுங்கள். ஒற்றைத் துணியில் பார்த்துவிட்டு நாலு மடிப்பில் தைத்தால் சோதனைக்கு அர்த்தமே இல்லை.

ஃபுட் மாட்டவே வரவில்லை, அல்லது மாட்டினாலும் ஆடுகிறது

ஃபுட்டைத் தாங்கும் காலுக்கு ஷாங்க் என்று பெயர். ஃபுட்டைக் கீழே இறக்கி வைத்து, அதைப் பிடித்திருக்கும் திருகின் நடுவிலிருந்து மெஷின் தளம் வரை அளந்து பாருங்கள். சுமார் 2 செ.மீ. இருந்தால் லோ ஷாங்க், 3 செ.மீ.யை ஒட்டி வந்தால் ஹை ஷாங்க். பழைய சிங்கர் மெஷின்கள் சிலவற்றில் கால் சாய்வாக இருக்கும். அதற்கு ஃபுட்டே தனி. பெர்னினா நிறுவனம் தனக்கென வேறு அமைப்பு வைத்திருக்கிறது. தையல்கூடங்களில் ஓடும் பவர் மெஷின் ஃபுட்டுகளை வீட்டு மெஷினில் முயல வேண்டாம், உருவம் ஒத்துப்போவது போலத் தெரிந்தாலும்.

அழுத்தினாலே மாட்டிக்கொள்ளும் ஸ்னாப்-ஆன் ஃபுட் ஆடினால், ஃபுட்டைக் குறை சொல்லும் முன் அதைப் பிடித்திருக்கும் அடாப்டரின் திருகைப் பாருங்கள். மெஷின் அதிரும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவரும். கையால் முறுக்கினால் போதாது. ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கால் சுற்று இறுக்க வேண்டும். வாக்கிங் ஃபுட், ரஃப்ளர் போன்ற கனமான ஃபுட்டுகளில் இதை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பேன்.

‘டக்’ என்று சத்தம், ஊசி உடைந்தது

ஊசி இறங்குகிற இடத்தில் இரும்பு இருக்கிறது. வேறு மர்மம் இல்லை. இரும்பு அங்கே எப்படி வந்தது என்பதற்குத்தான் பல வழி.

நேர்த்தையல் ஃபுட்டில் ஊசி இறங்க ஒரே ஒரு சின்னத் துளை. கால் அங்குல ஃபுட் பலவற்றிலும் அப்படித்தான். அதை மாட்டிக்கொண்டு முந்தைய வேலையின் ஜிக்-ஜாகை மாற்ற மறந்தால் முதல் குத்திலேயே ஊசி போய்விடும். ஊசித் தட்டும் ஒற்றைத் துளைத் தட்டாக இருந்தால் ஃபுட் சரியாக இருந்தும் தட்டில் இடிக்கும்.

அகலக் கணக்கு இன்னொன்று. மெஷின்கள் 5, 7, 9 மி.மீ. என வெவ்வேறு அகலத்துக்கு ஜிக்-ஜாக் போடும். 5 மி.மீ. மெஷினுக்குச் செய்த ஃபுட்டை 7 மி.மீ. மெஷினில் மாட்டினால் நன்றாகவே உட்காரும். அலங்காரத் தையலின் அகலமான பகுதி வரும்போதுதான் இடிக்கும். அதனால்தான் பத்து குத்து ஒழுங்காகப் போய்ப் பதினோராவது குத்தில் உடைகிறது. அலங்காரத் தையல் என்றால் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகத் திருப்பி ஒரு முழு டிசைனும் முடியும் வரை பாருங்கள். ஒரு குத்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இரட்டை ஊசியான ட்வின் நீடிலில் ஊசிகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். 7 மி.மீ. மெஷினில் 3 மி.மீ. ட்வின் நீடில் மாட்டியிருந்தால் தையல் அகலம் 4 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. நான் 3-லேயே நிறுத்திக்கொள்வேன். ஓவர்காஸ்ட் ஃபுட்டின் நடுவில் ஒரு கம்பி ஓடும். நூல் அந்தக் கம்பியைச் சுற்றி விழுந்தால்தான் துணியின் ஓரம் சுருளாமல் நிற்கும். அதற்கு ஊசி கம்பியைத் தாண்டி விழ வேண்டும். பொதுவாக 5 மி.மீ. அகலமாவது தேவை. அகலத்தைக் குறைத்தால் ஊசி நேரே கம்பி மேலேயே இறங்கும். அந்த உடைந்த துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணாடி போடாதவர்களும் இந்தச் சோதனையின்போது முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

துணிக்கு அடியில் நூல் கூடு கட்டுகிறது

அடியில் சிக்கல் தெரிந்தால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் நோண்டுகிறார்கள். அடியில் குவிவது பெரும்பாலும் மேல்நூல். மேலே அதைப் பிடித்து நிறுத்த டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், இல்லாததால் அளவில்லாமல் கீழே இறங்கிவிடுகிறது.

ஃபுட் லிவரைத் தூக்கினால் டென்ஷன் தட்டுகள் விரியும், இறக்கினால் மூடும். மூடிய நிலையில் நூல் கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே போகாமல் மேலேயே தங்கிவிடும். தூக்கி வைத்துக் கோர்க்கச் சொன்னது இதற்காகத்தான். துணியைக் கையாலேயே நகர்த்தித் தைக்கும் ஃப்ரீ மோஷன் எம்ப்ராய்டரி செய்பவர்களுக்கு இதே கோளாறு வேறு உருவில் வரும். டார்னிங் ஃபுட் கீழே இறக்கிய பிறகும் துணியைத் தொடாமல் கொஞ்சம் உயரத்தில் நிற்கும். அதனால் லிவரை இறக்கியதாகவே நினைத்துக்கொண்டு, தூக்கிய நிலையில் ஓட்டிவிடுவோம். இரண்டு நொடியில் அடியில் காக்கைக் கூடு. துணி வளையத்தில் இருந்தால் இன்னும் கண்ணுக்குத் தெரியாது. லிவரைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மிதியுங்கள்.

சாட்டின் தையல் ஒரே இடத்தில் குவிந்து நிற்கிறது

நெருக்கமான ஜிக்-ஜாக் அழகாகப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று ஓரிடத்தில் குன்று போல ஏறி நின்றுவிடும். துணியைப் பின்னாலிருந்து இழுக்கத் தோன்றும். இழுத்தால் அந்த இடம் இடைவெளி விட்டுப் பல்லிளிக்கும்.

மாட்டியிருக்கும் ஃபுட்டைத் திருப்புங்கள். அடி தட்டையாக இருந்தால் அது சாதாரண ஜிக்-ஜாக் ஃபுட். சாட்டின் தையல் துணிமேல் ஒரு வரப்பு போல எழும்பி நிற்கும். தட்டையான ஃபுட் அந்த வரப்பில் ஏறி மாட்டிக்கொள்ளும். சாட்டின் ஃபுட்டின் அடியில், ஊசித் துளைக்குப் பின்னால் அகலமான ஒரு பள்ளம் இருக்கும். வரப்பு அதன் வழியே நழுவிப்போகும். பத்தில் எட்டு முறை ஃபுட்டை மாற்றினாலே தீர்ந்துவிடும்.

மாற்றியும் குவிந்தால் தையல் நீளத்தைப் பாருங்கள். 0.2 மி.மீ.க்குக் கீழே வைத்துவிட்டு எந்த ஃபுட்டையும் திட்ட முடியாது. நான் 0.4-இல் ஆரம்பித்து, நூல்களுக்கு நடுவே துணி தெரிகிறதா என்று பார்த்துத்தான் குறைப்பேன். தடித்த பளபளப்பு நூல் என்றால் 0.5 கூடப் போதும்.

குவியவில்லை, ஆனால் தையலின் இரு பக்கமும் துணி சுருங்கி நடுவில் குகை போல எழும்புகிறது என்றால் அதற்கு ஃபுட் பொறுப்பில்லை. நூல் இரண்டு ஓரத்தையும் உள்ளே இழுக்கிறது. துணிக்கு அதைத் தாங்கும் விறைப்பு இல்லை. அடியில் விறைப்பு கொடுக்கும் ஸ்டெபிலைசர் வையுங்கள், மேல் டென்ஷனை ஒன்றிரண்டு எண் குறையுங்கள். டென்ஷனைக் குறைத்தால் ஓரத்தில் எட்டிப்பார்க்கும் அடிநூலும் கீழே போய்விடும்.

இலை, கொடி போன்ற டிசைனில் ஒரு பாதி நீண்டும் மறு பாதி குறுகியும் வருகிறதா? அந்த டிசைன்களுக்கு மெஷின் துணியை முன்னும் பின்னும் நகர்த்துகிறது. முன்னே போன தூரமும் பின்னே வந்த தூரமும் ஒன்றாக இல்லை. பல மெஷின்களில் இதைச் சரிசெய்யத் தனியாக ஒரு திருகோ பொத்தானோ இருக்கும். அதைத் தொடும் முன் உங்கள் கையைக் கவனியுங்கள். துணியை முன்னால் தள்ளுகிற பழக்கம் இருந்தால் டிசைன் ஒருபோதும் சேராது. கை வழிகாட்டினால் போதும்.

ரோல்டு ஹெம்: ஓரம் ஒரே சீராகச் சுருளவில்லை

என்னை இரண்டு வருடம் ஏமாற்றியது என்பதால் இதைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

இந்த ஃபுட்டுகளை 2, 3, 4, 6 மி.மீ. என்று அகலத்தை வைத்துச் சொல்கிறோம். அது முடிந்த ஓரத்தின் அகலம். துணி இரண்டு மடிப்பாக மடிவதால் உள்ளே போவது அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். 2 மி.மீ. ஓரத்துக்கு 5, 6 மி.மீ. துணி தேவைப்படும். துணியின் பின்பக்கம் மேலே பார்க்க, வெட்டிய ஓரம் வலப்பக்கம் இருக்க வேண்டும். சுருள் அந்த ஓரத்தை இடப்பக்கமாக மடித்து எடுத்துக்கொள்ளும்.

பிசிறு வெளியே தெரிந்தால் சுருளுக்குள் போகும் துணி போதவில்லை. துணியை வலப்பக்கம் ஒரு இழை நகர்த்துங்கள். ஓரம் தடித்து உருண்டையாகி, தையலுக்கு இடப்பக்கம் கூடுதல் மடிப்பு விழுந்தால் அதிகம் போகிறது, இடப்பக்கம் நகர்த்துங்கள். வைத்தியம் அவ்வளவுதான். ஆனால் நகர்த்தும்போது ஊசியைப் பார்க்காதீர்கள். ஊசியைத் தொடும்போது துணி ஏற்கெனவே மடிந்துவிட்டது, அங்கே செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. சுருளின் வாயைப் பாருங்கள். வாய் நிரம்பியிருக்க வேண்டும், வழியக் கூடாது. வாய்க்கு முன்னால் ஒரு விரல் நீளத்துக்குத் துணியைச் சற்றே நிமிர்த்தி, தானாகவே மடியப் பார்க்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டால் மீதியை ஃபுட் பார்த்துக்கொள்ளும்.

ஆரம்பிக்கிற இடம்தான் எல்லோருக்கும் தகராறு. முதல் ஒரு செ.மீ. சுருளுக்குள் போகாமல், துணியை நகர்த்தும் மெஷினின் அடிப்பல்லில் சிக்கிக் கசங்கும். இரண்டு வழி உண்டு. துணியின் மூலையில் ஊசி நூலால் ஒரு தையல் போட்டு நூலை நீளமாக விட்டு, அந்த நூலைச் சுருள் வழியாக உருவி, துணியை அதன் பின்னால் இழுத்துக் கொண்டுவருவது ஒன்று. அல்லது முதல் 2 செ.மீ.ஐ விரலால் இரண்டு மடிப்பு மடித்து நாலைந்து குத்து தைத்து, ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, முன்னால் இருக்கும் ஓரத்தைச் சுருளுக்குள் நுழைப்பது. எனக்குக் கைவந்தது இரண்டாவது.

நடுவில் ஒரு பக்கத் தையல் குறுக்கிட்டால் அந்தத் தடிப்பில் ஃபுட் நின்றுவிடும். தையலுக்கு விட்ட ஓரத்தை அந்த ஒரு செ.மீ.க்கு மட்டும் சாய்வாகக் கத்தரித்துவிட்டுப் போங்கள். முழு வட்டமாகத் தைத்து முடித்த ஆடையின் கீழ் ஓரத்தை இந்த ஃபுட்டால் மடிப்பது வீண் சண்டை. ஒரு பக்கத் தையலை மூடாமல் விட்டு, ஓரத்தை மடித்த பிறகு மூடுங்கள். சதுரத் துணியின் மூலையில் இது திரும்பவே திரும்பாது. எதிரெதிர் இரண்டு ஓரங்களை முடித்துவிட்டு மற்ற இரண்டுக்கு வாருங்கள்.

வளைந்த ஓரம் அலை அலையாக இழுபட்டுப் போகிறதா? குறுக்கே வெட்டிய துணி இழுத்த இழுப்புக்கு நீளும். கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால் பாதி அடங்கும். 2 மி.மீ. ஃபுட் மெல்லிய வளைவைப் பொறுத்துக்கொள்ளும். 6 மி.மீ. ஃபுட் நேர்கோட்டுக்கு மட்டும்தான். அதைக் கொண்டு வளைவு தைக்கலாம் என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். ஷிஃபான் மாதிரி வழுக்கும் துணிக்கு 60 அல்லது 70 எண் ஊசி. 90-ஐ வைத்துக்கொண்டு ஓட்டை விழுகிறது என்று வருந்தி என்ன பயன்.

இன்விசிபிள் ஜிப்: வெளியே தெரிகிறது, அல்லது திறக்க மறுக்கிறது

இந்த ஃபுட்டின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழி. ஜிப்பின் சுருள் பல் ஒரு குழிக்குள் நிமிர்ந்து நிற்க, ஊசி அதன் அடிவாரத்தை ஒட்டி இறங்கும். மூடிய பிறகு ஜிப்பின் துணிப்பட்டையான டேப் கண்ணுக்குத் தெரிந்தால் ஊசி பல்லிலிருந்து தள்ளி விழுந்திருக்கிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: இஸ்திரி போடாதது. புது ஜிப்பில் பல் உள்பக்கம் சுருண்டு கிடக்கும். குறைந்த சூட்டில், பல்லைக் கட்டைவிரலால் விரித்துக்கொண்டே பின்பக்கமாகத் தேய்த்து நிமிர்த்த வேண்டும். சூடு கூடினால் நைலான் உருகிவிடும், அந்த ஜிப் குப்பைக்குத்தான்.

ஜிப்பைத் திறந்து மூடும் ஸ்லைடர் நடுவில் மாட்டுகிறது என்றால் நேர் எதிர். ஏதோ ஓர் இடத்தில் ஊசி பல்லையே குத்தியிருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் பிரித்து, ஊசியை அரை மி.மீ. வெளியே தள்ளித் தையுங்கள்.

அடியில், ஜிப் முடிந்து பக்கத் தையல் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னக் கொப்புளம் வரும். ஜிப் ஃபுட்டுடன் அந்த இடத்தை நெருங்கவே முடியாது, ஸ்லைடர் வழிமறிக்கும். அங்கே சாதாரண ஒற்றைப் பக்க ஜிப் ஃபுட்டை மாட்டி, ஜிப்பின் கடைசித் தையலுக்கு 3, 4 மி.மீ. மேலிருந்து, ஒரு மி.மீ. வெளியே தள்ளி ஆரம்பித்துக் கீழே இறங்குங்கள். ஜிப்பின் வால் இந்தத் தையலில் சிக்காமல் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும்.

சாதாரண ஜிப்பில், ஸ்லைடர் இருக்கும் இடத்தில் மட்டும் தையல் வளைந்து போவது எல்லோரும் கண்டது. நெருங்கும்போது ஊசியை இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, ஸ்லைடரைத் தாண்டி நகர்த்திவிட்டுத் தொடருங்கள்.

மேல் துணி மிச்சம் விழுகிறது

ஒரே நீளமாக வெட்டிய இரண்டு துணி. தைத்து முடித்தால் மேலே உள்ளது ஒரு விரல் நீளம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அடித்துணியை மெஷினின் அடிப்பல் இழுக்கிறது, மேல்துணியை ஃபுட் தடுக்கிறது. வாக்கிங் ஃபுட் செய்வது மேலேயும் ஒரு ஜோடிப் பல் வைப்பதுதான்.

வாக்கிங் ஃபுட் மாட்டியும் மிச்சம் விழுந்தால் அதன் வலப்பக்கக் கவைக் கரத்தைப் பாருங்கள். அது ஊசியைப் பிடிக்கும் திருகைக் கவ்வியிருக்க வேண்டும். கீழே தொங்கிக்கொண்டிருந்தால் உங்களிடம் இருப்பது நடக்காத வாக்கிங் ஃபுட். கவ்வியிருந்தால் ஓடும்போது சளக்-சளக் என்று சத்தம் வரும், அது கோளாறு அல்ல. வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். தையல் நீளத்தை 3 அல்லது 3.5-க்கு ஏற்றுங்கள். இதில் பின்தையல் வேண்டாம்; மேல்பல் முன்னே தள்ளத்தான் செய்யப்பட்டது. பக்கவாட்டில் நிறைய அலையும் அலங்காரத் தையலும் இதற்கு ஒத்துவராது.

பின்னல் துணியில் தையல் அலை அலையாக விரிந்தால் வாக்கிங் ஃபுட் வாங்க ஓடும் முன் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். மெஷினின் மேலே அல்லது இடப்பக்கம் அதற்கு ஒரு திருகு இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள் எத்தனையோ பேர்.

சுருக்கு போதவில்லை

கேதரிங் ஃபுட்டின் அடி ஒரே மட்டமாக இருக்காது. ஊசிக்கு முன்னால் ஒரு தடிப்பும் பின்னால் பள்ளமுமாக இருக்கும். பள்ளத்தில் துணி தளர்ந்து குவிந்து சுருக்காகிறது. கனமான துணி அந்தப் பள்ளத்தில் குவியாது, ஆகவே டெனிமில் இதை எதிர்பார்க்காதீர்கள். மெல்லிய பருத்தியில் தையல் நீளத்தை 4-க்கு ஏற்றி மேல் டென்ஷனையும் ஏற்றினால் சுருக்கு கூடும்.

எவ்வளவு துணி வெட்டுவது என்பது ஊகத்தில் வராது. 50 செ.மீ. துண்டு ஒன்றைத் தைத்து அளந்து பாருங்கள். 30 செ.மீ. ஆனால், 90 செ.மீ. ஃபிரிலுக்கு 150 செ.மீ. வெட்ட வேண்டும். டென்ஷனையோ நீளத்தையோ மாற்றினால் இந்தக் கணக்கும் மாறும்.

சுருங்கும் துணியைச் சுருங்காத துணியோடு ஒரே ஓட்டத்தில் இணைக்கும்போது, சுருங்க வேண்டியது அடியில், மற்றது ஃபுட்டின் பிளவுக்குள். மேல்துணியும் சேர்ந்து சுருங்கினால் அது பிளவுக்குள் இல்லாமல் அடியில் நழுவியிருக்கும். அதை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு தையுங்கள்.

ரஃப்ளர் வேறு ஜாதி. 1889 காப்புரிமைத் தேதி பொறித்த சிங்கரின் மடிப்பு மரப்பெட்டியிலேயே அது இருந்தது. இன்றைக்கும் உருவம் பெரிதாக மாறவில்லை. பார்க்கப் பயமுறுத்தும், ஆனால் செய்வது ஒரே வேலை: 1, 6 அல்லது 12 குத்துக்கு ஒருமுறை துணியை ஊசிப்பக்கம் தள்ளி ஒரு பிளீட், அதாவது மடிப்பு, போடுவது. பிளீட்டே விழவில்லை என்றால் துணி அதன் இரண்டு நீலத் தகடுகளுக்கு நடுவே போகவில்லை, அல்லது எண் தகடு நட்சத்திரக் குறியில் நிற்கிறது. அந்தக் குறி நேர்த்தையலுக்கு. நூல் அறுந்துகொண்டே இருந்தால் ஆழத் திருகைக் குறையுங்கள்.

பைப்பிங்கில் முதல் தையல் எட்டிப்பார்க்கிறது

கயிற்றைத் துணிக்குள் மூடிய தையல், ஆடையில் இணைத்த பிறகு வெளியே தெரிந்தால் இரண்டாவது தையல் கயிற்றை முதல் தையலைவிட நெருங்கவில்லை. ஒரே ஊசி நிலையில் இரண்டையும் தைத்தால் இப்படித்தான். முதல் தையலை ஊசியை ஒரு படி வெளியே தள்ளித் தளர்வாகவும், கடைசித் தையலைக் கயிற்றை ஒட்டியும் போடுங்கள். கயிறு ஃபுட்டின் பள்ளத்தைவிடப் பருமனாக இருந்தால் ஃபுட் சாய்ந்து தையல் வழுக்கும். மெலிதாக இருந்தால் பள்ளத்துக்குள் அங்குமிங்கும் ஆடும். கயிறு வாங்கப் போகும்போது ஃபுட்டையும் எடுத்துப் போவது நல்லது.

பின்டக் எழும்பவில்லை

பின்டக் என்பது துணிமேல் எழும்பி நிற்கும் மெல்லிய மடிப்பு. அதற்கென அடியில் 3, 5, 7, 9 வரிப்பள்ளம் உள்ள ஃபுட்டுகள் உண்டு. வரிகள் நெருங்க நெருங்க ஊசிகளும் நெருங்க வேண்டும்: 7 வரிக்கு 2 மி.மீ. ட்வின் நீடில், 3 வரிக்கு 4 மி.மீ. இவை பொருந்தாவிட்டால் மடிப்பு பள்ளத்துக்குள் ஏறாது. பொருந்தியும் மடிப்பு சப்பையாக இருந்தால் மேல் டென்ஷனைக் கொஞ்சம் ஏற்றுங்கள். இரண்டு மேல்நூலையும் அடியில் ஒற்றை நூல் குறுக்கே இழுத்துக் கட்டுவதால்தான் துணி எழும்புகிறது. அடுத்த மடிப்பு போடும்போது முந்தைய மடிப்பைப் பக்கத்துப் பள்ளத்தில் ஓட விட்டால் கோடு போடாமலே இடைவெளி சீராக வரும்.

பட்டன்ஹோலின் ஒரு பக்கம் நெருக்கம், மறு பக்கம் இடைவெளி

பட்டன்ஹோலின் இரு பக்கத் தையல் வரிசைகள்தான் அதன் கால்கள். மெஷின் ஒரு காலை முன்னோக்கியும் மறு காலைப் பின்னோக்கியும் தைக்கிறது. ஃபுட்டின் அடியில் இரண்டு காலுக்கும் தனித்தனிப் பள்ளம். ஃபுட் ஒரு பக்கம் தடித்த மடிப்பின் மேலும் மறு பக்கம் மெல்லிய இடத்திலும் உட்கார்ந்தால் இரண்டு காலும் ஒரே வேகத்தில் நகராது. மட்டமான இடத்தில் சோதித்துப் பாருங்கள். அங்கேயும் அப்படியே வந்தால்தான் மெஷினில் உள்ள பட்டன்ஹோல் சமன்படுத்தும் திருகைத் தொட வேண்டும். காலரின் முனையில் மாட்டிக்கொண்டால் அடியில் ஒரு தாள் வையுங்கள்.

ஒரு கால் மட்டும் முடிவில்லாமல் தைத்துக்கொண்டே போனால், மேலிருந்து இறக்க வேண்டிய பட்டன்ஹோல் லிவரை நீங்கள் இறக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சட்டை செலவானது.

பிளைண்ட் ஹெம் நல்ல பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது

பிளைண்ட் ஹெம் என்பது நல்ல பக்கத்தில் தெரியாமல் ஓரத்தை மடித்துத் தைப்பது. தெரிகிறதென்றால், இடப்பக்கம் எட்டிக் குத்தும்போது ஊசி மடிப்பை அதிகமாகக் கடிக்கிறது. தையல் அகலத்தைக் குறையுங்கள், அல்லது ஃபுட்டின் வழிகாட்டித் தகட்டைத் திருகி மடிப்பை ஊசியிலிருந்து தள்ளி வையுங்கள். ஓர் இழை, இரண்டு இழை பிடித்தால் போதும். சுத்தமாகப் பிடிக்கவே இல்லை என்றால் எதிர்த்திசையில் திருகுங்கள். 70 எண் ஊசி.

தோல், ரெக்சின் ஒட்டிக்கொண்டு நகரவில்லை

டெஃப்ளான் ஃபுட் அல்லது ரோலர் ஃபுட். கையில் இல்லையா, மேலே மெல்லிய தாளை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள். தையல் நீளம் 3-க்குக் குறையக்கூடாது; நெருக்கமாகக் குத்தினால் தபால்தலை ஓரம் மாதிரிக் கிழிந்துவிடும்.

எல்லாம் சரி, ஆனாலும் துணியில் இழை இழுபடுகிறது

ஃபுட்டில் கீறல். ஊசி எப்போதோ இடித்த இடத்தில் இரும்பு கண்ணுக்குத் தெரியாத முள்ளாக நிமிர்ந்திருக்கும். பழைய நைலான் காலுறையை ஃபுட்டின் அடியிலும் ஊசித் துளையின் விளிம்பிலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள்; மாட்டுகிற இடம்தான் முள். 1000-க்கு மேற்பட்ட எண்ணுள்ள மிக நைசான எமரித் தாளால் ஒரே திசையில் தேய்த்து, மறுபடி காலுறையால் இழுத்துப் பாருங்கள். ஊசித் தட்டின் துளையையும் இதே மாதிரி பார்த்துவிடுங்கள், ஊசி இடித்திருந்தால் அங்கேயும் இருக்கும். பிளாஸ்டிக் ஃபுட்டில் துளையே சிதைந்திருந்தால் தேய்த்துப் பலனில்லை, வேறு வாங்கிவிடுங்கள். ரோல்டு ஹெம் ஃபுட்டின் சுருளுக்குள் முள் இருந்தால் தாள் உள்ளே போகாது. ஒரு பருத்திக் கயிற்றில் மெருகுப் பசையைத் தடவி உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுங்கள். தைக்கும் முன் பசையைச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் முதல் துணியின் ஓரம் முழுக்கச் சாம்பல் கோடு விழும்.